ஓர் அந்நியக் காது

மழைக்கு ஒதுங்கி வாகன நிறுத்துமிடத்துக்குள் ஓடியவள், மூன்றாவது தூணருகே அப்படியே நின்றுவிட்டாள்.

யாருடைய காரிலிருந்தோ ஒரு பாட்டு கேட்டது... அவளுடைய பாட்டு.

இன்னும் வெளியாகாத பாட்டு. படுக்கையறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, தானே கிடார் வாசித்து, தானே பாடிப் பதிவு செய்தது. இதுவரை அதைக் கேட்டவர்கள் மூன்றே பேர். அவள், பாட்டைத் தானாகவே மெருகேற்றித் தரும் ஓர் இணையதளத்தின் மெஷின், பிறகு மின்னஞ்சலில் மட்டுமே தெரிந்த ஒரு மாஸ்டரிங் என்ஜினியர்.

கூரைக்கு வெளியே, மழையில் ஒரு சாம்பல் நிறக் கார். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் தலையைச் சாய்த்து, கண்களை மூடி உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் கண் திறந்தான்... வெகுதூரம் போய்விட்டு இப்போதுதான் திரும்பி வந்தது போன்ற கண்கள். எதற்குச் சண்டை போட வந்தோம் என்பதே அவளுக்கு ஒரு நொடி மறந்துபோயிற்று. ஒரே நொடிதான்.

"இது என் பாட்டு."

கண்ணாடி இறங்கியது. "ஓ... லிமிட்டர் மேடமா நீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. நான்கு நாள் முன்பு வந்த மின்னஞ்சல் இவனுடையதுதான். ஒரே வரி. 'லிமிட்டரை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க.' பாட்டின் சத்தத்தைத் தூக்கிக்காட்ட அவள் கடைசியில் போட்டிருந்த மென்பொருள் அது. வணக்கம் இல்லை, பாட்டு எப்படி என்று ஒரு சொல் இல்லை. 'உள்ளதை வைத்துச் செய்யுங்கள்' என்று அவளும் ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள்.

"பேர் வைக்கிற வேலையும் நீங்கதான் பாக்கிறீங்களா? என் பாட்டை இப்படி ஊமையாக்கி வச்சிருக்கீங்க. நான் வீட்ல செஞ்சது, ஏன், அந்த இணையதள மெஷின் செஞ்சதுகூட இதைவிட நல்லா இருக்கு."

"உள்ள வந்து சண்டை போடுங்க. நனையறீங்க."

நனைந்துதான் கொண்டிருந்தாள். கிடார் கம்பி வாங்க இந்தக் கட்டடத்துக்கு வந்தவள், குடையைக் கடையிலேயே விட்டிருந்தாள். வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தாள்.

"எதுக்குக் காருக்குள்ள கேக்கறீங்க? ஸ்டுடியோ இல்லையா?"

"மேல நாலாவது மாடி. அங்க எல்லாப் பாட்டும் அழகாத்தான் இருக்கும். ஜனங்க அங்க வந்தா கேக்கறாங்க?"

மாஸ்டரிங் என்பதே அதுதான். பாடி முடித்து, குரலையும் கருவிகளையும் கலந்து முடித்த பிறகு பாட்டின் மேல் விழும் கடைசிக் கை. கைபேசியின் பொடி ஸ்பீக்கரிலும், காரிலும், பெரிய அரங்கிலும் அது அதே பாட்டாகக் கேட்க வேண்டும். அவளுக்கு இந்த முறை அது உயிர்ப் பிரச்சினை.

அவளுடைய அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவளுடைய முதல் பாட்டை வேனில்தான் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "ராகமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு... ஒரு வார்த்தைகூடப் புரியலையே." அப்புறம் அவர் அவளுடைய பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்த இரண்டாவது பாட்டு அப்பாவைப் பற்றியது. அவருக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை வெளியீடு. வார்த்தை புரியாமல் போனால், எழுதியதற்கே அர்த்தம் இல்லை.

இதையெல்லாம் அந்நியன் ஒருவனிடம் ஏன் சொன்னோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். மழை காரணமாக இருக்கும்...

அவன் பாட்டை நிறுத்தினான். பிறகு, "மேல வாங்க. நீங்க செஞ்சது, மெஷின் செஞ்சது, நான் செஞ்சது, மூணையும் கேட்டுடலாம்" என்றான்.

நாலாவது மாடி அறையில் சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை. உள்ளே நுழைந்ததும் அவளுக்குத் தன் மூச்சே கேட்டது. மெஷின் செய்ததை அவள் கைபேசியிலிருந்து அனுப்பினாள். அவன் மூன்று பதிவுகளையும் திரையில் அடுக்கி, ஒன்றின் சத்தத்தை ஏற்றினான், இன்னொன்றின் சத்தத்தை இறக்கினான்.

"என்ன பண்றீங்க?"

"ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வர்றேன். மனுஷக் காதுக்கு ஒரு பலவீனம் இருக்கு. ரெண்டுல எது துளி கூடுதல் சத்தமோ, அதுதான் நல்லாயிருக்குன்னு நம்பிடும். இப்ப திரும்பி உக்காருங்க. எது யாருதுன்னு சொல்ல மாட்டேன்."

முதல் பதிவு ஓடியது. அவள் முகம் சுளித்தாள். "மூச்சு விடவே இடமில்லை. யாரு இப்படிக் கசக்கினது?"

இரண்டாவது. "இது பரவாயில்லை. பளிச்சுனு இருக்கு."

மூன்றாவது. "சாதுவா இருக்கு... உயிரில்லை. ரெண்டாவதுதான்."

திரும்பினாள். அவன் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ரெண்டாவது மெஷின். மூணாவது நான்."

"அப்ப முதலாவது..."

"கசக்கினவங்க என் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். தோற்றுப்போன இருவரும் ஒரே அறையில் மாட்டிக்கொண்டதில் ஏதோ ஒரு நிம்மதி.

"லிமிட்டர்னா என்ன பண்ணும் தெரியுமா? உயரமான பசங்களைத் தலையில தட்டிக் குனிய வச்சிட்டு, மொத்த வகுப்பையும் பெஞ்சு மேல ஏத்திவிடும். எல்லாரும் உயரமாத் தெரிவாங்க, ஆனா யாரும் நிமிர முடியாது. அதைப் போட்டுட்டு அனுப்பினீங்கன்னா, குனிஞ்சவங்களை நான் எப்படி நிமித்தறது?"

"மெஷின் செஞ்சுடுச்சே."

"மெஷின் மோசமில்லைங்க. ரெண்டு நிமிஷத்துல இவ்வளவு செய்யறது பெரிய விஷயம். அவசரத்துக்கு நானே சிலருக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனா குடுத்ததை வாங்கிக்கும். திருப்பி ஒரு கேள்வி கேக்காது."

"நீங்க கேட்ட லட்சணம்... ஒரு வணக்கம் போட்டிருந்தா அன்னிக்கே எடுத்து அனுப்பியிருப்பேன்."

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வணக்கம். லிமிட்டரை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க."

"சரிங்க சார்." குனிந்து புன்னகையை மறைத்தாள். "நல்லாக் கத்துக்கிட்டா, இதை நானே செய்ய முடியாதா?"

"முடியும். கை பழகிடும். காதுதான் கஷ்டம்." மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அவள் பாட்டின் வரிகள், கையெழுத்தில். நடுநடுவே கோடுகள். "முதல் தடவை கேக்கும்போது காதுல விழுந்ததை மட்டும் எழுதுவேன். புரியாத இடத்துல கோடு. வரியெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்... வார்த்தை அமுங்கிப்போனாலும் உங்க மனசு அதைப் பாடிக்கும். அதனாலதான் அந்நியக் காது ஒண்ணு வேணும்."

பதினாறு வரியில் ஒன்பது கோடுகள். அப்பாவுக்குக் கேட்டிருக்கக்கூடிய பாட்டு இதுதான்... அவள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே லிமிட்டரை எடுத்தாள். அவன் சொன்னபடி, குரலை மறைத்த இடங்களில் கிடாரைத் துளி குறைத்து மறுபடி அனுப்பினாள்.

வியாழக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனில் அவளும் அப்பாவும், பாட்டு அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வந்த அவனும் இருந்தார்கள். பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் அவன் முழங்காலை மடக்கி, முகவாய்க்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா அது?" என்றார் அப்பா கண்ணாடியில் பார்த்து.

"பாட்டுக்கு வைத்தியம் பாக்கிறவர்ப்பா."

என்ஜின் உறுமியது, வைப்பர் கிறீச்சிட்டது. பழைய ஸ்பீக்கரில் அவன் முடித்துக் கொடுத்த பாட்டு தொடங்கியது. முதல் சரணம் போனது. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தாள்... இரண்டாவது சரணத்தில் வேன் மெதுவாயிற்று, ஓரம் கட்டி நின்றது.

பாட்டு முடிந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வீடு முழிச்சிடக் கூடாதுன்னு தெருமுனை வரைக்கும் ஹாரன் அடிக்காம போறது... அது நான்தானே?"

"ஆமாப்பா."

"எல்லா வார்த்தையும் கேட்டுச்சும்மா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னொரு தடவை போடு."

அவளுக்குள் எத்தனையோ நாளாக இறுகிக் கிடந்த ஒன்று அவிழ்ந்தது. திரும்பிப் பார்த்தாள். மடங்கிய முழங்கால்களுக்கு மேலே அந்தக் கண்கள்... ஈரமாக இருந்தன. வைத்தியருக்கு என்ன வந்தது?

அதன் பிறகு கடையில் விட்ட குடையை வாங்க வந்தாள். கம்பி வாங்க வந்தாள். அறுந்துபோகாத கம்பிக்கும் மாற்று வாங்க வந்தாள். ஒவ்வொரு முறையும் நாலாவது மாடியில் தேநீர், லிமிட்டர் மேடம் என்ற கேலி. இரண்டு மாதம் கழித்து மூன்றாவது பாட்டை அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. 'வணக்கம். இந்தப் பாட்டை என்னால் செய்ய முடியாது. வேறொருவரின் எண் கீழே.'

வணக்கம் இருந்தது. இருந்தும் வலித்தது. பாட்டு அவ்வளவு மோசமா... அல்லது நான் அடிக்கடி போய் நின்றது தொந்தரவா? இனி அங்கே போகவே கூடாது என்று முடிவு செய்தாள். அந்த முடிவு மதியம்வரை தாங்கியது.

சாம்பல் நிறக் கார் அதே இடத்தில் நின்றது. தட்டினாள்.

"பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்."

அவன் ஒரு தாளை நீட்டினான். புதுப் பாட்டின் வரிகள். ஒரு கோடுகூட இல்லை.

"எல்லாம் புரிஞ்சிருக்கே, அப்புறம் என்ன?" வாசித்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது சரணத்தில் நின்றாள். 'மழையில் நனைந்தபடி கண்ணாடியைத் தட்டிய விரல்...' என்று எழுதியிருந்தது.

"இங்க வார்த்தையே இல்லையே... இன்னும் கிடைக்கலைன்னு வெறும் லாலாதான் பாடியிருக்கேன்."

"காலையில மறுபடி கேட்டப்பதான் தெரிஞ்சது." அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னான். "முதல் தடவை எனக்கு அங்க வார்த்தை கேட்டுச்சுங்க. இல்லாததெல்லாம் கேக்குது. இனிமே நீங்க என்ன பாடினாலும் எனக்கு நல்லாத்தான் இருக்கும். இந்தக் காதை வச்சு உங்க பாட்டுக்கு நான் வேலை பாக்கக் கூடாது. நான்... அந்நியனா இல்லை இப்போ."

மழை இல்லை. ஆனாலும் அவள் கன்னம் நனைந்திருந்தது. அப்பாடா என்று வந்த பெருமூச்சில் சிரிப்பும் கலந்திருந்தது.

"கதவைத் திறங்க."

ஏறி உட்கார்ந்தாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"வேற ஒருத்தர்கிட்டயே குடுக்கறேன். ஆனா இந்த வரியை நான் வச்சுக்கறேன். ரெண்டு மாசமா எனக்கு வராத வரி... எனக்கும் இதைத்தான் சொல்லணும்னு இருந்திருக்கு."