மூன்றாவது மாடியில் கொடுவா

மீன்காரி தனத்தின் வாய்க்கு தேவனாம்பட்டினமே பயப்படும். ஆனால் அன்று மதியம், மஞ்சக்குப்பத்து அபார்ட்மென்டில் படியேறும்போது அவளுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கரண்ட் இல்லை, லிஃப்ட் நின்றுபோயிருந்தது. வாட்ச்மேனையும் காணோம். மாடி ஏற ஏற வாடிய சம்பங்கி வாசனை கூடிக்கொண்டே வந்தது.

நாய் கொடுவா காணாமல் போனதிலிருந்து மகள் சினேகா சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் கடலோடு போன பிறகு, தனம் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் துணை அதுதான். இந்த மூன்றாவது மாடியில் அது குரைத்ததாக, தண்ணி கேன் போடும் ரஃபீக் சொல்லியிருந்தான்.

கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னலெல்லாம் சாத்திய இருட்டில், நாற்காலியில் ஒரு அம்மாள். காலடியில் கொடுவா.

அது வாலை ஆட்டவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது.

"எம்மா, அது எங்க நாயி," என்றாள் தனம்.

"இருக்கட்டும். இப்ப என்னுது."

"எம் பொண்ணு சோறு துண்ணாம கெடக்குது. குடுத்துடுங்க."

"உம் பொண்ணுக்கு நீ இருக்க. எனக்கு யாரு இருக்கா?"

அந்த அம்மாளின் வாய் அசையவே இல்லை.

தனம் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் பெற்ற மனசு. பாய்ந்து நாயை வாரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரி அதன் உடம்பு சில்லிட்டிருந்தது. அந்த அம்மாள் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலைத் தாண்டும்போது, எந்த வீட்டிலும் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வரேம்மா."

"வா," என்றாள் அவள். அப்போதுதான் சிரித்தாள்.

கீழே, சாப்பிட்டு வந்திருந்த வாட்ச்மேன் பாண்டியன் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மூணாவது மாடியா? அந்த வூட்டுச் சாவி எங்கிட்டதான இருக்குது. அந்தம்மா தனியா செத்துக் கெடந்து, சிதம்பரத்துலேருந்து சொந்தக்காரங்க வந்து எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் காரியங்கூட ஆவல."

"கதவு தெறந்துதான் இருந்துது. பேசுனாங்க."

அவன் முகம் வெளுத்தது. "கெளம்பும்போது ஒண்ணும் சொல்லலயே?"

சாவு வீட்டிலிருந்து யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவார்கள். தனத்துக்கு இது தெரியாததா என்ன? அது சாவு வீடு என்றுதான் தெரியவில்லை.

நாயை இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அன்றைக்கு சினேகா நாயை மடியில் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள். பார்த்த தனத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. மறுநாள் காலை, தைரியமாகவே கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். தெருமுனை திரும்பியது வரைதான் நினைவிருக்கிறது.

அடுத்து, சம்பங்கி வாசனை.

சாத்திய ஜன்னல். அதே நாற்காலி.

கதவைப் பிடித்து இழுத்தாள். வெளிப்பக்கம் பூட்டு ஆடியது. கத்தினாள். தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

"உக்காரு," என்றது பின்னாலிருந்து அதே குரல். "வரேன்னியே, வந்துட்ட."

வெயில் தாழ்ந்ததும் ஜன்னல் இடுக்கில் சினேகா தெரிந்தாள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அம்மாவைப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கொடுவா மூன்றாவது மாடியைப் பார்த்துக் குரைத்தது. சினேகாவும் நிமிர்ந்து பார்த்தாள். தனம் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அண்ணே, மேல யாரு இருக்காங்க?"

பாண்டியன் தலையைத் தூக்கவே இல்லை.

"பூட்டுன வூடு பாப்பா. போயிடு," என்றான். "எங்கிட்டயும் சொல்லிக்காம போ."

சினேகா அழுதுகொண்டே நாயை இழுத்தாள். அது நகர மாட்டேன் என்று மாடியைப் பார்த்தே குரைத்துக்கொண்டிருந்தது.