டாக்குரியாவில் பல்லி சொன்னது

விளக்கேற்றும் நேரத்தில் பல்லி சொன்னது. வழக்கம்போல அனுராதா விரலை மடக்கித் தரையில் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றாள். கணவர் சேஷாத்ரி சிலிகுரி டூரிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய நாள் முதலாக தினமும் இந்நேரத்துக்குச் சொல்கிறது, அதுவும் கிழக்குப் பக்கமிருந்து. நல்ல சகுனம், உடம்பு தேறிவிடும் என்று அவளும் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் இது என்ன பல்லி? தொக்கே, தொக்கே என்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு ஆள் கூப்பிடுகிற மாதிரி, இத்தனை கனமாகவா சொல்லும்?

வெளியே மழை விட்டபாடில்லை. டாக்குரியா ஸ்டேஷனைத் தாண்டி லோக்கல் ரயில் போனதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்க, வீடெங்கும் கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் ஈரவாடைக்கு நடுவே வேறொரு வாடை, எங்கோ எலி செத்துக் கிடக்கிற மாதிரி, படுக்கையறை வாசலுக்கு மேலிருந்த பரணிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அவர் டூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இறக்கி, ஜிப்பைத் திறந்தாள்.

உள்ளே வரிசையாகக் காலுறைகள். ஒவ்வொன்றிலும் சாண் நீளத்துக்கு மேல் ஒரு பல்லி, சாம்பல் உடம்பில் செம்புள்ளிகள். இந்த ஊரில் தக்ஷக் என்பார்கள். மருந்துக்கென்று காட்டிலிருந்து பிடித்துக் கடத்துவதை டி.வி.யில் பார்த்திருக்கிறாள். அநேகமாக எல்லாமே செத்திருந்தன. ஒன்றுக்கு மட்டும் வயிறு ஏறி இறங்கியது. அவளுக்கு அழுகை முட்டியது. சகுனம் என்று மகிழ்ந்துபோய் உட்காராமல் முதல் நாளே எழுந்து பார்த்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்குமே.

வனத்துறைக்குப் பேசலாமென்று போனை எடுத்தாள்.

"வேண்டாம் அனு." விளக்கில்லாத படுக்கையறைக்குள்ளிருந்து சேஷாத்ரியின் குரல் கரகரத்தது. "நாளைக்கு ஒருத்தன் வந்து வாங்கிண்டு போயிடுவான்."

"ஏன்னா, ஒண்ணு இன்னும் உசிரோட இருக்கு. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்துடலாம்."

"பேங்க் உத்தியோகம் போயிடும். என்னை ஜெயில்ல பார்க்கணுமா நோக்கு?"

போனைக் கீழே வைத்தாள். பெட்டியை மூடக் குனிந்தபோதுதான் கவனித்தாள். எல்லாவற்றின் வாயிலும் பழுப்பு டேப். பல சுற்று. உயிரோடிருந்ததற்கும்தான்.

அப்படியானால் இத்தனை நாளும் கத்தியது எது?

தொக்கே.

பெட்டியிலிருந்து இல்லை. பரணிலிருந்தும் இல்லை. படுக்கையறை.

"ஏன்னா?"

உள்ளே போனாள். சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள்.

சேஷாத்ரி கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இமைக்காத கண்களிலிருந்து நீர் வழிந்தது. உதடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் தோல். அதற்குக் கீழே தொண்டை மெல்ல உப்பியது. அவளையே பார்த்தபடி. கூப்பிடுவதற்கு.