நீலத் துணி கட்டிய குழாய்

நேற்றைய வியர்வையையும் சிறுநீரையும் காலை ஆறு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதையே ஏழு மணிக்குச் சமையலறைக் குழாயில் குடிநீராகப் பிடிப்பது செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் பால் வாங்குவது போன்ற சாதாரண வேலை. அதற்கு மறுநீர் என்று பெயர். அதைச் சுத்தம் செய்து தருவதும், குடிப்பவர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் நீரன் என்ற இயந்திரத்தின் பொறுப்பு. "கிருமி சுழியமுங்க" என்று தினமும் அது வீடுவீடாகச் சொல்லும். அங்கே குடியேறியவர்களில் பாதிப் பேர் திருப்பூர்ப் பக்கம் என்பதால் அதற்கும் 'ங்க' ஒட்டிக்கொண்டது. பொய் மட்டும் ஒட்டவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

"ஒரு வாய்கூடவா இறங்கல?" என்றாள் மனைவி வசுமதி.

"இறங்குது புள்ள. எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சா திரும்பி ஏறுது."

கண்ணை மூடிக்கொண்டு நாளுக்கு இரண்டு டம்ளர் குடித்தான். சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது. நீரன் வந்து பார்த்துவிட்டு, தினம் மூன்று லிட்டர் குடிக்காவிட்டால் இருபதாம் நாள் புறப்படும் கப்பலில் பூமிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றது. வசுமதியின் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருடம் இருந்தது. ஆறு வருடம் இவன் இல்லாமல் அந்தச் சிவப்புப் புழுதியைப் பார்த்துக்கொண்டு இருக்க அவள் தயாராக இல்லை.

"எங்கூர்ல குழாயில துணி கட்டுவோம்," என்றான் அவன். "மண்ணு, துரு எல்லாம் துணியில நிக்கும். கண்ணுல பாத்தா நம்பிக்கை வரும். இங்க என்னத்தப் பாத்து நம்பறது?"

துணிக்கு எங்கே போவது? அங்கே எல்லோரும் உடுத்துவது தாள் உடுப்பு. ராத்திரி தொட்டியில் போட்டால் கூழாகிவிடும், காலையில் புதிதாக வரும். அந்த வீட்டில் இருந்த ஒரே துணி, நாச்சிமுத்துவின் ஜீன்ஸ்.

அதைச் சும்மா ஜீன்ஸ் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வசுமதியைப் பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்தது. டெனிம் துணியைத் துவைத்தால் நீலம் போய்விடும் என்பது அவன் கட்சி. பதினோரு வருடமாகத் தண்ணீர் காட்டவில்லை. மடித்தால் கோடு விழும் என்று சுருட்டி, காற்று நீக்கிய பெட்டியில் வைத்திருந்தான். இப்போது அது அவன் தொடைக்கு மேல் ஏறாது என்பது வேறு விஷயம்.

வசுமதி காற்றும் நீரும் புகாத பிளாஸ்டிக்கில் கூடாரத் திரை தைப்பவள். மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தாள். கத்தரியை வைக்கும்போது அழுகை வந்தது, வெட்டிவிட்டாள். அந்தத் தடித்த துணியில் இரண்டு ஊசி உடைந்தது. மூன்றாவது ஊசியில் சின்னப் பையாகத் தைத்து, தன் பங்குத் தண்ணீரில் ஒரு டம்ளர் விட்டு அலசினாள். டம்ளர் கறுத்தது. அதற்கு மேல் அலசத் தண்ணீர் இல்லை. அப்படியே குழாயில் கட்டினாள்.

வீட்டுக்கு வந்தவன் குழாயைப் பார்த்தான். மஞ்சள் நூல் தையலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஏம்புள்ள, இது..."

"ஜீன்ஸ் வேணுமா, நான் வேணுமா? சொல்லிப்போட்டு அழுங்க."

அவன் அழவில்லை. டம்ளரை எடுத்தான், பிடித்தான், ஒரே மூச்சில் குடித்தான். மறுநாள் துணியை அவிழ்த்து உள்பக்கம் காட்டினான். கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது.

"பாத்தியா! எத்தன அழுக்கு! இதத்தான் அந்த மெசினு சுத்தம்னு சொல்லுச்சு."

வசுமதி மிச்சத் துணியில் ஒரு துண்டை நீரனிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னாள்.

"குழாயில் வரும்போது கிருமி சுழியமுங்க. துணியைத் தாண்டினதும் லிட்டருக்கு நாலு லட்சம். அந்த அழுக்கு முழுக்க ஜீன்சோடதுங்க. கொஞ்சம் திருப்பூர் மண், நிறையப் பழைய சாம்பார். அவர்கிட்டச் சொல்லிடட்டுங்களா?"

"சொன்னா உன்னக் கழட்டிப் போட்டுருவேன்."

நீரன் சொல்லவில்லை. டம்ளர் வைக்கும் தட்டில் கிருமியைக் கொல்லும் ஒளிவளையம் ஒன்றைப் பொருத்தியது. அழகுக்கு வைத்த விளக்கு என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான். மூன்று லிட்டர் நாலு லிட்டரானது. பதினெட்டாம் நாள் கல் வெளியேறியது. கப்பல் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கினார்கள். வசுமதி அவனைக் கட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

விஷயம் பரவியது. பக்கத்து வீடுகள் துணி கேட்டு வந்தன. ஜீன்சில் முதலில் ஒரு கால் போனது, பிறகு இன்னொன்று. நாச்சிமுத்துவே அளந்து கொடுத்தான். போகிற வீட்டிலெல்லாம் நீரன் முணுமுணுக்காமல் ஒளிவளையம் மாட்டியது.

ஒரு மாதம் கழித்து வசுமதி நீர்நிலையத்துக்குப் போனபோது, நீரன் தன் இயந்திர உடம்பைக் குளிர்விக்கும் தண்ணீரைக் குழாயில் பிடித்து மாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் வாயில், அவள் சோதிக்கக் கொடுத்த நீலத் துண்டு கட்டியிருந்தது.

"அந்தத் தண்ணியில கிருமி இருக்குதா?"

"சுழியமுங்க. இப்பத்தான் அளந்தேன்."

"பொறவு துணி எதுக்கு?"

நீரன் துணியின் முடிச்சை இறுக்கியது.

"இருந்தாலுங்க," என்றது. "ஒரு மனத் திருப்திக்கு."