ஒரு கட்டைவிரல் இடம்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. மலைப்பாதையின் கடைசி இறக்கத்துக்குக் கீழே, பாறை இடுக்கில், கணக்கு வாத்தியார் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. சனிக்கிழமை விடியற்காலை ஓடப் போனவர் திரும்பவில்லை என்று ஊரே சல்லடை போட்டுத் தேடிய ஆள் அவர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். அரைக்கால் சட்டை, பனியன், அடியில் பல் பல்லாகப் பிடிப்பு வைத்த புத்தம் புதிய மலை ஓட்ட ஷூ. அதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே கால்விரல் நெட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய புது பூட்ஸும் அதே கதைதான். இந்த மலையை இறங்கி வருவதற்குள் பெருவிரல் உயிரை வாங்கிவிட்டது.

ஷூவைக் கழற்றச் சொன்னாள். எண் எட்டு. பத்து விரல் நகங்களும் வெட்டிவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தன.

"தானா விழல மேடம், தள்ளி விட்டிருக்கான்," என்றார் எஸ்.ஐ. "ஷூ கடைக்காரனோட வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய சண்டை. புது ஷூவக் கொடுத்துச் சமாதானம் பண்ணி மலைக்குக் கூப்பிட்டிருக்கான். வாத்தியாரோட மச்சினன் சாட்சி. நேத்து ராத்திரியே ஆளத் தூக்கி உள்ள வெச்சாச்சு. சாயங்காலம் கோர்ட்ல நிறுத்திடலாம்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"செத்து ஒரு நாளுக்கு மேல ஆச்சாம். துல்லியமா சொல்ல முடியாதாம்."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தாள். பாறைக்கு நேர் மேலே கார் போகிற ரோடு வளைந்து சென்றது.

ஸ்டேஷன் பெஞ்சில் கடைக்காரரின் மனைவி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இன்று ஜெயிலுக்குப் போனால், பிறக்கப்போகும் பிள்ளையை அவர் எப்போது பார்ப்பாரோ! இன்ஸ்பெக்டர், போன வாரம் பால்காரரை அடித்துவிட்டு ஓடிய காரின் விளக்குச் சில்லு கிடந்த தன் மேஜையைக் கடந்து, கடைக்காரர் இருந்த லாக்கப்புக்குப் போனாள்.

"வாத்தியார் எதுக்கு உங்ககிட்ட சண்டை போட்டார்?" என்று கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"பழைய ஷூவோட அடிப்பாகம் பிரிஞ்சு, நடுவழியில விழப் பாத்தாராம் மேடம். தெருவே வேடிக்கை பாக்கிற மாதிரி கத்தினாரு. ஒட்டித் தரேன்னு வாங்கி வெச்சேன். இன்னும் கடையிலதான் காயுது."

"புதுசு கொடுத்து மலைக்கு வரச் சொன்னீங்களாமே?"

"ஐயோ! திங்கக்கிழமை வரைக்கும் ஓடாதீங்கன்னுல்ல சொன்னேன்!"

"சரி, கொடுக்கறதா இருந்தா என்ன சைஸ் கொடுப்பீங்க?"

"ஒன்பது," என்றார் அவர், யோசிக்காமல். "சாதாரண ஷூ எட்டு போடுவாரு. மலை ஓட்டத்துக்கு அது ஆகாது. ஓட ஓடக் கால் வீங்கும். இறக்கத்துல விரல் முன்னாடி போய் முட்டும். ஒரு கட்டைவிரல் இடம் விடணும். இல்லன்னா நகம் கறுத்து விழுந்துரும்."

எஸ்.ஐ. சிரித்தார். "பொண்டாட்டி வெளிய அழுதுகிட்டிருக்கா, இவன் வியாபாரம் பேசறான் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எஸ்.ஐ.யிடம் காதோடு காதாக ஒரு வேலை சொல்லி அனுப்பினாள். போகிற வழியில் கடையைத் திறந்து, பசை காயும் பழைய ஷூவைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் வீட்டுக்குப் போனாள்.

பிற்பகல் மூன்று மணி. வாத்தியாரின் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். பேயறைந்தவள்போல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காபி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான் அவள் தம்பி. கார் ஷெட்டில் நின்ற வண்டியில் ஒரு பக்க விளக்கு மட்டும் புதிதாகப் பளபளத்தது. வாசல் அலமாரியில் வாத்தியாரின் கறுப்பு ஷூ, எண் எட்டு.

"சனிக்கிழமை காலையில என்ன பாத்தீங்க, தம்பி?"

"அக்கா நைட் டூட்டி மேடம். நான்தான் வீட்ல. மாமா புது ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல ரெண்டு குதி குதிச்சாரு. 'கடைக்காரன் கொடுத்தான், கனகச்சிதமா இருக்கு, மலைக்கு வரச் சொல்லியிருக்கான்'னு சொல்லிட்டுக் கிளம்பினாரு."

"கனகச்சிதம்னு அவரே சொன்னாரா?"

"என் ரெண்டு காதால கேட்டேன்."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தாள். தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"மலையில ஓடறவர் வாயில அந்த வார்த்தை வராது, தம்பி. அவருக்கு மலை ஷூ ஒன்பது. பழசு கடையில இருக்கு, இப்பத்தான் பாத்தேன். எட்டப் போட்டு அவர் இறங்க மாட்டார். இவ்வளவு வருஷம் ஓடியும் ஒரு நகம்கூடக் கறுக்கல. அந்த ஷூ அவர் செத்தப்புறம் மாட்டினது."

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"போன வாரம் பால்காரர் ஒருத்தரை ஒரு கார் அடிச்சுப் போட்டுட்டு ஓடிருச்சு. அந்த இடத்துல கிடந்த விளக்குச் சில்லு என் மேஜையில இருக்கு. உங்க ஷெட்டுல விளக்கு புதுசு. ஓட்டினது நீங்கன்னு மாமா கண்டுபிடிச்சிட்டார். இல்லையா?"

"மேடம், நான் வந்து..."

"வெள்ளிக்கிழமை ராத்திரியே ஷெட்டுல அடிச்சிட்டீங்க. ஓடும்போது விழுந்ததாக் காட்டணும்னு தேடினா, மலை ஷூவக் காணோம். அது ஒட்டறதுக்குப் போனது உங்களுக்குத் தெரியாது. கறுப்பு ஷூவுல எண்ணப் பாத்துட்டு, மூடறதுக்குள்ள டவுன்ல பெரிய கடைக்குப் போய் எட்டு வாங்கினீங்க. கேமராவுல உங்க முகம் தெரியுதுன்னுதான் இப்ப போன் வந்துச்சு. மேல் ரோட்டுல இருந்து உருட்டி விட்டீங்க. கடைக்காரர் சண்டை போட்டதக் காலையில ஊரே பேசவும், பழியை அவர் தலையில கட்டிட்டீங்க."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "விடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு நடடான்னாரு, அக்கா. கையில இருந்த கம்பியால... நான் வேணும்னு பண்ணல. மாமாவுக்கு எட்டுன்னுதான்க்கா எனக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தாள். "கடைக்காரரை வெளிய விடுங்க. அந்தப் பொண்ணை வண்டியில வெச்சு வீட்ல கொண்டு போய் விடுங்க."

நர்ஸ் மெல்ல எழுந்து தம்பி முன்னால் வந்து நின்றாள்.

"அவர் காலைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? வாராவாரம் அந்த நகத்த வெட்டி விட்டவ நான். ஏன்டா, என்னைக் கேட்டிருந்தா ஒன்பதுன்னு சொல்லியிருப்பேனே, நீயாவது எனக்கு மிஞ்சியிருப்பியேடா!"