அப்பாவின் காளான் இடம்

அம்மாவோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் ருகிலே கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அது அப்பா பிறந்த ஊர். பழைய மர வீடுகளை யாரும் மாற்றிக் கட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதால், அப்பா சிறுவனாக இருந்தபோது பார்த்த ஊர் அப்படியே இருந்தது. அப்பாதான் இல்லை. நார்வேயில் ஒரு மீன் ஆலையில் வேலை பார்க்கிறார். இந்த இலையுதிர் காலத்தில் வந்து தன் காளான் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை.

அந்த ஊரில், காட்டுக்குள் வருஷா வருஷம் காளான் முளைக்கும் தன் இடத்தை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே சொன்னதில்ல," என்றாள் அம்மா. "நீ போ. நான் உங்கப்பா வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். ஊர் பாக்க வர்றவங்க என்னையும் சேத்து போட்டோ எடுத்துட்டுப் போகட்டும்."

காட்டோரம் போய் ருகிலே அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"தனுதே அத்தை வேலிகிட்ட நிக்கறாங்க."

"காதைத் தீட்டிக்கிட்டுதான் நிப்பா. நீ நட, நட."

"நான் துணி காயப் போடறேன்," என்றாள் பக்கத்து வீட்டுத் தனுதே அத்தை. கொடியில் ஒரு துணிகூட இல்லை.

ஊர்ப் பெண்கள் வேண்டுதலுக்காக ஏப்ரன் கட்டிவிட்ட மரச் சிலுவையையும் ஓடையையும் தாண்டினாள் ருகிலே.

"இப்ப இடி விழுந்த பைன் மரம் தெரியுதா? கன்னங்கரேல்னு இருக்கும்."

"இல்லையேப்பா."

"நல்லாப் பாரு. பெரிய மரம்."

"அப்படி ஒண்ணும் இல்லப்பா."

"விட்டுடு கண்ணு. நான் வந்து ரொம்ப நாளாச்சு," என்றார் அப்பா. காட்டில் வழி தவறியது அவர்தான் என்பது போல இருந்தது அந்தக் குரல்.

ருகிலே போனை வைக்கவில்லை. மரத்தை வெட்டி எடுத்துப் போயிருந்தாலும் வேர் எங்கே போகும்? பாசி மூடிய தரையைக் காலால் தட்டித் தட்டி நடந்தாள். ஓரிடத்தில் கட்டை இடறியது. பாசியை விலக்கினாள். கருகிய அடிமரம்.

"அப்பா, அடிக்கட்டை இருக்கு."

"அதுல உக்காரு." அப்பாவின் குரல் எழுந்தது. "ஓடைச் சத்தம் இடது காதுல கேக்கற மாதிரி திரும்பு. கேக்குதா? இப்ப நேராப் பாரு."

நேரே, பிர்ச் மரத்தடியில், பழுப்புத் தொப்பி போட்ட காளான்கள்.

"காட்டு, காட்டு," என்றார் அப்பா. ருகிலே வீடியோவைப் போட்டு, போன் காமிராவை அந்தப் பக்கம் திருப்பினாள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெருசை எல்லாம் எடுத்துக்க. சின்னதுங்களை விட்டுடு. நான் வந்து எடுத்துக்கறேன்."

அந்தக் காளான்கள் ஒரு வாரம்கூடத் தாங்காது. ருகிலேவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"சரிப்பா," என்றாள். தனுதே அத்தையின் கண்ணில் படாதபடி, சின்னக் காளான்களைப் பாசியால் மெல்ல மூடினாள்.