இரட்டைமுக அருவிக்கு அடித்துப்போட்ட வழி

விரித்து வைத்த வரைபடத்தின் மேல் ஓர் அட்டை நெளிந்து நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயே!" ஜெசிந்தா நாற்காலியோடு பின்னால் தாவினாள். வனக் காவலர் செம்பகம் அதை விரலால் சுண்டி எறிந்துவிட்டு, அதே விரலால் வரைபடத்தைத் தொட்டாள். ஜெசிந்தாவுக்குக் குமட்டியது.

காட்டோரச் சோதனைச் சாவடியில் அப்போது காலை ஐந்தரை மணி. விபின் காணாமல் போய் இரண்டு நாள் ஆகிறது.

விபின் ஜெசிந்தாவின் சித்தி மகன். அவளைவிட ஒரு வயது இளையவன். இரட்டைமுக அருவியைப் பார்த்தே தீருவது என்று இருவரும் ஆறு மாதமாகத் திட்டம் போட்டவர்கள். ஓட்டல் டம்ளரை மூன்று தடவை கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறவள் ஜெசிந்தா. ஒத்திகைக்கென்று ஒரு சின்ன மலை ஏறிவிட்டு வந்து காலுறையைக் கழற்றினால், உள்ளே ஏழு அட்டைகள், ரத்தம் குடித்துத் திராட்சை போல உப்பிக் கிடந்தன. "எனக்கு இந்தக் காடே வேண்டாம்" என்று அன்றோடு விலகிவிட்டாள். ரோஷக்காரன் விபின், யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிவிட்டான்.

"மலைமுகட்டு வழியில எங்க ஆளுங்க நேத்து முழுக்கத் தேடியாச்சு," என்றாள் செம்பகம். "ஒரு காலடித் தடம் இல்ல. அனுமதிக்கு நீங்க எழுதிக் கொடுத்த தாள்ல அந்த வழிதானே இருக்கு?"

"அது நான் போட்ட வழி அக்கா. அவன் முதல்ல போட்டது வேற." ஜெசிந்தாவின் விரல் ஓடையோடு நகர்ந்து, ஒரு சதுப்பைத் தாண்டி, அருவியின் அடியில் நின்றது. "இது பாதித் தூரம்தான். ஆனா பன்றி புரளுற சேறு, கடைசியில வவ்வால் குகை. அருவருப்பா இருக்குன்னு நான்தான் அடிச்சுப் போட்டேன். நான் வரலன்னதும் அவன் இதுலதான் போயிருப்பான்."

செம்பகம் முகத்தைச் சுளித்தாள். "அந்தச் சதுப்பா? யானைகூட மூக்கைச் சுருட்டிக்கிட்டுப் போற இடமாச்சே!"

"நீங்க வழியை மட்டும் சொல்லுங்க, நாங்க போறோம்," என்றான் விபினின் நண்பன் அஜின், கயிற்றைத் தோளில் மாட்டியபடி.

"அவன் எங்க திரும்புவான், மழை வந்தா எங்க ஒதுங்குவான்னு எனக்குத்தான் தெரியும். நானும் வர்றேன்."

செம்பகம் மளமளவென்று திட்டத்தைச் சொன்னாள். "அவல், வெல்லம், அட்டைக்கு உப்பு, புகையிலைத் தண்ணி. அதுக்கு மேல சுமை வேண்டாம். பத்து மணிக்குள்ள சதுப்பைத் தாண்டணும். மூணு மணிக்கு மழை இறங்கும். அதுக்கு முன்னால ஓடையைக் கடக்கலன்னா இக்கரையிலேயே நிக்க வேண்டியதுதான். முகட்டுல இருக்கிற ஆளுங்களை அருவிக்கு மேல வந்து நிக்கச் சொல்றேன். சரியா?"

"சரி!"

முதல் இரண்டு மணி நேரம் ஓட்டமும் நடையும்தான். பிறகு நாற்றம் வந்தது. முதலில் நாற்றம், அப்புறம் சதுப்பு! கறுப்புச் சேறு கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் செத்து ஊதிய ஒரு மிளா மான், அதன் கண்குழியில் புழுக்கள்.

"சுத்திப் போக முடியாதா?"

"முடியும். நாளைக்குப் போய்ச் சேரலாம்," என்றாள் செம்பகம்.

ஜெசிந்தா இறங்கினாள். சேறு இடுப்பு வரை ஏறியது. சட்டைக்குள் ஏதோ வழவழவென்று வழுக்கிப் போனது. பாதியிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கச் சுத்தமான இடம் தன் உடம்பில் எங்குமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள்.

"அக்கா! அங்க பாருங்க!" அஜின் கத்தினான்.

அக்கரைக் கிளையில் ஒரு சிவப்புத் துணி. திருப்பத்துக்குத் திருப்பம் துணி கட்ட வேண்டும் என்பது அவளும் விபினும் போட்ட திட்டம். விபின் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறான்!

அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. இரண்டேகால் மணிக்கு ஓடையைக் கடந்தார்கள். பாறையைச் சுற்றித் திரும்பியதும் அருவி இடித்துக்கொண்டு கொட்டியது. மேலே இரண்டாகப் பிரிந்து விழும் வெள்ளைத் தண்ணீர். ஆறு மாதம் ஏங்கிய காட்சி! அவள் அதை ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. அருவியின் இடப்பக்கம், ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது, வவ்வால் குகையின் வாய். மழைக்கு ஒதுங்க அங்கே வேறு இடமில்லை. அதிலிருந்து மூத்திரமும் அழுகிய பழமும் கலந்த வீச்சம் மூக்கைத் துளைத்தது.

அஜினின் தோள் நுழையவில்லை. செம்பகம் ஈரத்துண்டை ஜெசிந்தாவின் மூக்கில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டாள். "வாயைத் திறக்காத. கயித்தை ரெண்டு தடவை இழுத்தா நாங்களும் இழுப்போம்."

முழங்கை வரை எச்சம். சூடாக, கொழகொழவென்று. டார்ச் வெளிச்சத்தில் தரையே அசைந்தது. கரப்பான்கள், ஆயிரக்கணக்கில்! விரல்களுக்கிடையே ஓடின, காதோரம் ஏறின. திரும்பிவிடலாம் என்று உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் கெஞ்சியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையை முன்னால் வைத்தாள். அது ஒரு பூட்ஸில் பட்டது.

"ஜெசி?" நைந்துபோன குரல். "நீயா? இங்கயா?"

வலது கணுக்கால் வீங்கி, சுவரில் சாய்ந்து கிடந்தான் விபின். முந்தாநாள் மழைக்கு ஒதுங்கும்போது வழுக்கி விழுந்தானாம். உதவிக்குக் கத்தியதெல்லாம் அருவி இரைச்சலில் கரைந்துபோயிற்று.

"பேசாத. வாய்க்குள்ள போயிரும்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவனைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். அந்தக் கசடு முழுக்க அவள் முதுகால் வழித்துக்கொண்டே இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

அஜின் கூவினான். மேலே முகட்டிலிருந்து பதில் கூவல் கேட்டது!

"இனிமே தனியா போக மாட்டேன்," என்றான் விபின்.

"போனா நான் தேடி வர மாட்டேன்," என்றாள் ஜெசிந்தா. அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் மூங்கில் தூளியில் விபின் சாவடிக்கு வந்து சேர்ந்தான். ஊரே கூடி நின்றது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். பிறகு காற்று திரும்பியதும் பத்தடி விலகினார்கள். ஜெசிந்தாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அருவித் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் அந்த வீச்சம் போகவில்லை. இன்னும் அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் இருந்தது. குமட்டலோடும் நடக்க முடிகிறது, அவ்வளவுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு விபினின் அம்மா ஓடிவந்தாள். கோவிலுக்குக் கட்டிப்போகும் வெள்ளைச் சேலை. மகனின் கன்னத்தைத் தடவிவிட்டு ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

"சித்தி, கிட்ட வராதீங்க! நான் நாறுறேன்!"

"போடி அங்க," என்று சித்தி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.