வெடிமருந்துக் கிடங்கு

தரை ஈரமாக இருந்தது. நிடியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மழையையே மறந்துபோன வடக்குச் சிலிப் பாலைவனத்தில், என்றோ கைவிடப்பட்டு இப்போது காட்சிக்கு வைத்திருக்கும் அந்த வெடியுப்புச் சுரங்க ஊரில், பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை, தொழிலாளர் வீடுகள் என்று இதுவரை பார்த்த எல்லாமே சுக்காகக் காய்ந்து கிடந்தன. இந்த வெடிமருந்துக் கிடங்கில் மட்டும் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நனைந்த கம்பளியும் பழைய வியர்வையும் கலந்த வாடை அடித்தது.

“இன்னும் உள்ள போ குண்டம்மா, போட்டோ எடுக்கிறேன்,” என்றான் அவள் கணவன் வால்தோ, வாசலில் நின்றபடி.

“வேணாம். அந்தோஃபகஸ்தா போய்ச் சேர ராத்திரியாயிடும்.”

“உங்கக்கா எங்கயும் ஓடிட மாட்டா. ரெண்டடி பின்னால போ.”

அந்தோஃபகஸ்தாவில் அக்கா வீட்டில் இறங்கினால் இனி திரும்பி வரமாட்டேன் என்று காலையில்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் கத்தவில்லை. ரொட்டியில் அவகாடோப் பழத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். வழியில் இந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றதும் அவன்தான்.

இரண்டடி பின்னால் போனாள்.

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“வால்தோ! விளையாடாத. திற!”

கதவின் இடுக்கில் காதை வைத்தாள். சரளைக்கல் நொறுங்க யாரோ வந்தார்கள். காவலாளி.

“மூடற நேரம் சார். கூட யாராவது வந்திருக்காங்களா?”

“இல்லப்பா. நான் தனியாத்தான் வந்தேன்.”

நிடியா அலறினாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். தொண்டை கிழிய அலறினாள்.

வெளியே சரளையில் காலடிகள் நின்றன.

“உள்ள ஏதோ சத்தம்...” என்றான் வால்தோ. அவன் குரல் நடுங்கக்கூட இல்லை.

“அதுவா? பொம்பளை கத்தற மாதிரி இருக்கும். தினமும் கேக்கறதுதான் சார். காதுல போட்டுக்காதீங்க, வாங்க.”

காலடிகள் விலகின. கார் கிளம்பியது. ஓசை தேய்ந்தது. போய்விட்டது.

இருட்டு.

அவள் மூச்சு மட்டும்.

இல்லை. அவள் மூச்சு மட்டும் இல்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். இன்னொருவர். சுவரோரமாக, வரிசையாக.

“நகந்து உக்காருங்கப்பா,” என்றது ஒரு களைத்த குரல். “இவளையும் பூட்டிட்டுப் போயிட்டாங்க. வந்தவளுக்கும் இடம் விடுங்க.”

பலகை கிறீச்சிட்டது. பல உடம்புகள் நெருக்கியடித்து நகர்ந்தன. காலியான இடத்தை ஒரு கை மெல்லத் தட்டிக் காட்டியது.

தட்.

தட்.